உபயம்: பீலிக்ஸ், பலெர்மோ

இத்தாலியின் பலெர்மோ நகரில் வாழ்ந்த தமிழர்களுள் அகலத் தொப்பி அணிந்து பாடியவன் அகஸ்ரின் ஒருவன்தான். கிழமை நாட்களில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டில் துடைத்தல், தோய்த்தல், சமைத்தல் யாவும் அவன் பொறுப்பு. சனிக்கிழமை மாலைகளில் அதே கடற்கரையில் உள்ள ஓர் உணவகத்தில் கிற்றாரோடு நின்று அமெரிக்க மாடுமேய்ப்பர்களின் ‘கன்ட்ரி’ பாட்டுகளைப் பாடுவான். யாழ்ப்பாணத்துக் குருநகரில் வானொலியில் கேட்டு வளர்ந்த பாட்டுகள் அவை. உணவருந்தியவர்கள் அவனை மெக்சிக்கோக்காரன் என்று எண்ணிக் கைதட்டினார்கள். அவன் ஒருபோதும் மறுத்ததில்லை.

தொண்ணூற்றாறில், அந்தப் பாணியிலேயே தமிழில் பத்துப் பாட்டுகள் எழுதி ஒரு கசெற் வெளியிட முனைந்தான். உண்மையில் அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே பாட்டு. அவனுடைய தம்பி பீலிக்ஸ் மூன்று ஆண்டுகளுக்கு முன் போருக்கு நடுவே கிளாலிக் கடலைப் படகில் கடக்கப் போய்க் காணாமற்போனான். படகும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. “உடம்பைக் காட்டுங்கோ, பிறகு பூசை வைப்பம்” என்று தம்பியின் மனைவி அற்புதமலர் நெடுங்காலம் மறுத்திருந்தாள். வவுனியாவில் இருந்த அவளுக்குத் தொலைபேசியில் எடுத்துச் சொல்லி, விதவைக் கறுப்பு உடுக்கச் சம்மதிக்க வைத்தவன் அகஸ்ரின்தான். கல்லறை இல்லாதவனுக்கு ஒரு பாட்டாவது இருக்கட்டும், அது தமிழர் வீடுதோறும் ஒலிக்கட்டும் என்பது அவனது ஆசை.

ஒலிப்பதிவுச் செலவுக்கு வழி சொன்னவர் தமிழ் மன்றத் தலைவர் குணரத்தினம். நல்ல மனிதர். எத்தனையோ பேரை அனுமதிப் பத்திரத்துக்காகக் குவெஸ்தூரா என்னும் பொலிஸ் அலுவலகத்துக்குக் கூட்டிச் சென்று, வரிசையில் தாமும் நின்றவர்.

“கோயில் திருவிழாவிலை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு உபயகாரர் இருக்கிறேல்லையோ? அதுபோலை பாட்டுக்கொரு உபயம். நீ பாடு, மிச்சத்தை நான் பாக்கிறன்.”

“அண்ணை, இது கோயிலிலை பாடுற பாட்டில்லை.”

“மாடு மேய்க்கிறவங்கடை பாட்டெண்டு எனக்குத் தெரியும். மாட்டுக்கும் பொங்கல் இருக்குத்தானே? தைப்பொங்கலுக்கு வெளியிடுவம்.”

ஒலிப்பதிவுக்கூடம் நகரின் பிரான்காச்சோப் பகுதியில், கார்த் தகடு நிமிர்த்தும் பட்டறை ஒன்றின் பின்புறம் இருந்தது. சால்வோ என்ற சிசிலியர் அதை நடத்தினார். சுத்தியல் சத்தம் ஓயும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே பதிவு நடக்கும். வீட்டுவேலை செய்பவர்களுக்கும் அன்றுதான் ஓய்வு என்பதால், உபயகாரர்கள் குடும்பத்தோடு வந்து அமர்ந்தார்கள். ரோல்ஸ், வடை, பிளாஸ்கில் தேநீர் எல்லாம் வந்தன. கிற்றார் வாசிக்க மொரிஸ் என்ற மொரீசியசுக்காரர் வந்தார். அவருடைய பூட்டனார் தமிழர். மொரிசுக்கோ இத்தாலியமே வரும்.

முதல் ஞாயிறு எல்லாம் நன்றாகவே நடந்தன. இரண்டாம் ஞாயிறு மூன்றாம் பாட்டின் உபயகாரரான கஜானன் ஒரு கேள்வி எழுப்பினார்.

“பேர் எங்கை வரும்?”

“அட்டையிலை அச்சடிப்பம்” என்றான் அகஸ்ரின்.

“அட்டையை ஆர் பாக்கிறது? உபயமெண்டால் ஒலிபெருக்கியிலை சொல்லவேணும். ஊர்ப் பேரோடை.”

அது நியாயமாகவே எல்லாருக்கும் பட்டது. குணரத்தினத்தின் மகள் நிரோசினி வானொலி அறிவிப்பாளரைப் போல இனிமையாக வாசிக்கக்கூடியவள். பாட்டின் தொடக்கத்தில் மொரிஸ் தனியாகக் கிற்றார் மீட்டும் இடத்தில் அவள் பெயர்களை வாசித்தாள். பிறகு மனைவியின் பெயர் சேர்ந்தது. பிள்ளைகளின் பெயர்கள், ஊரிலுள்ள மாமனாரின் பெயர், கனடாவிலுள்ள தம்பியின் பெயர் யாவும் சேர்ந்தன. எவர் பெயர் முன்னே வருவது என்பதில் இரண்டு குடும்பங்கள் பேச்சை முறித்துக்கொண்டன.

“அகொஸ்தீனோ, நாம் செய்வது பாட்டு ஆல்பமா, தொலைபேசிப் புத்தகமா?” என்று மொரிஸ் இத்தாலியத்தில் கேட்டார். சால்வோ சிரித்தார். அகஸ்ரின் சிரிக்கவில்லை.

ஒரு குயில் கூடு கட்டத் தெரியாமல், பாடுவதற்கு மட்டும் ஒரு கிளை கேட்டு மரங்களிடம் போயிற்றாம். ஒவ்வொரு மரமும் அன்போடு கிளை நீட்டி, “பாடுமுன் என் பெயரை ஒருமுறை சொல்” என்றது. குயில் காட்டிலுள்ள பெயர்களையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அந்த மரங்களைக் குறை சொல்லுவது கடினம். நாள் முழுதும் பிறர் வீட்டில் “ஏய், நீ” என்றே அழைக்கப்படுபவர்களுக்குத் தம் பெயரை ஒரு பெட்டி உரக்கச் சொல்லக் கேட்பது சிறிய ஆசை அன்று.

பதிவின் கடைசி ஞாயிறு சால்வோ கணக்குப் பார்த்துக் கையை விரித்தார். பெயர்களாலேயே நாடா நிறைந்துவிட்டது. பத்தில் ஒன்றை எடுத்தாக வேண்டும்.

“எதுக்கு உபயமில்லையோ அதை எடுக்கிறதுதானே முறை” என்றார் கஜானன்.

உபயமில்லாதது பீலிக்ஸின் பாட்டு. சாவுப் பாட்டென்று அதை ஒருவரும் ஏற்கவில்லை.

“அதுக்கு நான்தான் உபயம்” என்றான் அகஸ்ரின். “அதுக்காகத்தான் இவ்வளவும் செய்தனான்.”

“அகஸ்ரின், கோவிக்காதை. பொங்கலண்டைக்கு ஒப்பாரி போடேலுமே? மற்ற ஒன்பதிலை எதை நான் எடுக்கிறது? எடுத்தால் அந்தச் சனம் மன்றத்துக்கு இனி வருமே?” என்று குணரத்தினம் அவன் தோளில் கை வைத்தார். பிறகு, உண்மையான பரிவோடு ஒரு வழி சொன்னார். “தம்பியின்ரை பேர் வரவேணும், அவ்வளவுதானே? மூண்டாம் பாட்டு உபயத்திலை சேர்த்து வாசிப்பம்.”

“‘நினைவாக’ எண்டு சொல்லவேணும் அண்ணை.”

“மூண்டாம் பாட்டு என்ரை மகளின்ரை முதலாவது பிறந்தநாளுக்கு!” என்று கஜானன் எழுந்தார். “செத்தவரையும் என்ரை பிள்ளையையும் ஒரே மூச்சிலை வாசிக்கிறதோ? வெறும் பேரெண்டால் வாசியுங்கோ. நினைவு கினைவு வேண்டாம்.”

அகஸ்ரின் கிற்றாரைப் பெட்டியில் வைத்து மூடினான். பிறகு தலையசைத்தான். ஒன்றுமே இல்லாமற் போவதைவிடப் பெயராவது இருக்கட்டும் என்று எண்ணினான். நிரோசினி தெளிவாக வாசித்தாள்: “இந்தப் பாடலை மகிழ்வோடு வழங்குபவர்கள், பலெர்மோவிலிருந்து பீலிக்ஸ், கஜானன், சயந்தினி, மற்றும் அன்பு மகள் கியாரா.” தம்பியின் பெயர் அத்தனை அழகாக ஒலித்ததைக் கேட்டு அகஸ்ரின் கண்ணைத் துடைத்தான்.

பொங்கலன்று கசெற் வெளியானது. வீடுகளில் அவரவர் தம் பெயர் வரும் இடத்துக்கு நாடாவைச் சுற்றிக் கேட்டு, பெயர் முடிந்ததும் நிறுத்தினார்கள். ஊருக்குப் போனவர்கள் சிலவற்றைக் கொண்டுபோனார்கள்.

பங்குனியில் ஒரு முற்பகல், அகஸ்ரின் குளியலறை ஓடுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சிஞ்ஞோரா கூப்பிட்டாள். இலங்கையிலிருந்து தொலைபேசி.

“அத்தான், நான் மலர் கதைக்கிறன்.” அவள் குரலில் அவன் ஆண்டுக்கணக்காகக் கேட்டிராத ஒரு துள்ளல் இருந்தது. “கசெற் கேட்டனான். மூண்டாம் பாட்டு. அவர் உங்கை எப்ப வந்தவர்?”

“மலர், அது சும்மா பேர் வாசிச்சது…”

“பலெர்மோவிலிருந்து எண்டு அந்தப் பிள்ளை வடிவாச் சொல்லுது. மகிழ்வோடை எண்டும் சொல்லுது. சனமெல்லாம் கேட்டது. நான் கறுப்பை மாத்திப் போட்டன். பிள்ளையளுக்கும் சொல்லிப்போட்டன், அப்பா இத்தாலியிலை எண்டு.”

“இல்லை மலர், சொல்லுறதைக் கேள். அவன் இல்லை. அவன் செத்துப்போனான்.”

“ஏன் அத்தான் அவருக்காகப் பொய் சொல்லுறியள்?” அவள் தணிந்து பேசினாள். “அங்கை வேறை ஆரோடையும் இருக்கிறாரோ? இருந்தாலும் பரவாயில்லை. கோபமில்லை எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லுக் கதைச்சாக் காணும்.”

அவன் வாய் திறந்தான். மூச்சு மட்டும் வந்தது.

“பக்கத்திலை நிக்கிறார், என்ன? எனக்கு மூச்சுக் கேக்குது. அவரிட்டைக் குடுங்கோ அத்தான்.”

அகஸ்ரின் சட்டென்று ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினான். பொத்திய பிறகுதான், மறைப்பதற்கு ஓர் ஆள் உள்ளவன் செய்யும் செயல் அது என்பது அவனுக்கு உறைத்தது.