எதிர்மலையிலிருந்து ஏழாம் லயம்

2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை காலை, மழை சற்று ஓய்ந்திருந்த வேளையில், கொட்டகலைக்கு மேலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கோயில் மேட்டில் மூவர் நின்றோம். தோட்டப் பாடசாலை ஆசிரியையும் அதன் அபிவிருத்திச் சங்கச் செயலாளருமாகிய நான் ஒருத்தி. கடைவீதியில் ஸ்டூடியோ நடத்தும் லியனார்ட் மற்றவர். மூன்றாமவர், தொழிலாளர் வரிசை வீடுகளுள் ஒன்றான ஏழாம் லயத்தில் குடியிருந்து கொழுந்து பறிக்கும் ராக்காயி.

பள்ளத்தாக்குக்கு அப்பால் ஏழாம் லயம் தெரிந்தது. அதன் கூரைக்கு நேர் மேலே செங்குத்தான சரிவு. அந்தச் சரிவில் நிலம் வெடித்திருப்பதாக ராக்காயி ஒரு வாரமாகச் சொல்லி வந்தார். அது உண்மையானால் எந்நேரமும் மண் சரியலாம்; லயத்துக் குடும்பங்கள் யாவும் உடனே வெளியேற வேண்டும். ஆனால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அதை ஏற்கவில்லை.

"தொரை ரோட்டுல நின்னு அண்ணாந்து பாத்தாரு. பழைய கானுன்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிட்டாரு. தண்ணி ஓடுற கானு நாளுக்கு நாள் வாயப் பொளக்குமாங்க டீச்சர்?" என்றார் ராக்காயி.

மழையில் ஊறிய அச்சரிவில் ஏற எவரையும் அனுமதிக்க இயலாது. ஆகவே எதிர்மலையிலிருந்து தெளிவான படமொன்றை எடுத்துத் துரையிடம் காட்டுவதென்று தீர்மானித்திருந்தோம்.

லியனார்டின் டிஜிட்டல் கமரா ஐந்து வருடம் பழையது. வெளிச்சம் குறைந்த இடத்தில் வேகமாக எடுத்தால், படம் முழுவதும் மணல் தூவியது போலப் புள்ளிகள் விழும். அதில் அவர் அன்று பொருத்திய சூம் லென்ஸோ, திருமண வீடுகளுக்கென்று முந்திய வாரம் கொழும்பிலிருந்து வரவழைத்தது.

"பழைய மாப்பிள்ளைக்குப் புதுப் பொண்ணு. ஒத்துப்போகுமா தம்பி?" என்றார் ராக்காயி.

"ஒங்க வீட்டு மாப்பிள்ள ஒத்துப்போறாரான்னு மொதல்ல பாருங்கக்கா" என்றபடி லியனார்ட் ஸ்டாண்டை விரித்தார். தூரத்துப் படத்தை ஸ்டாண்ட் இல்லாமல் எடுக்கலாகாது என்பது அவருடைய தந்தையார் காலந்தொட்டு அந்த ஸ்டூடியோவின் விதி. சரிவைப் பல தடவை எடுத்தார். ஸ்டாண்டை மடக்கிய பிறகு, "லயத்துக்குப் பின்னால நிக்கிதே, எம் மாடு. அதையும் ஒண்ணு எடு தம்பி" என்று ராக்காயி விடாமல் நச்சரித்ததனால், கமராவைக் கையில் பிடித்தவாறே அதையும் எடுத்தார்.

பிற்பகலில் துரை படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது வெடிப்பா, பனியா? ஒண்ணும் வெளங்கல்லயே, லியனார்ட்."

அவர் கூறியதில் பிழையில்லை. எல்லாம் கலங்கியிருந்தன. ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் லியனார்ட் லென்ஸைக் கழற்றி அதன் பெட்டிக்குள் வைத்தார்.

"பழைய பொட்டிக்கு இது சேரல டீச்சர். திருப்பி அனுப்பிடுறேன்."

"பொறும். எடுத்த ஒழுங்கிலை எல்லாப் படத்தையும் காட்டும். மாட்டின்ரை படத்தையும் விடாதையும்" என்றேன்.

கணினித் திரையில் மாடு இறுதியாக வந்தது. அதே தூரம், அதே வெளிச்சம். மாட்டின் கழுத்துக் கயிற்று முடிச்சுக்கூடத் துலக்கமாகத் தெரிந்தது.

"இதுவும் அதே லென்ஸ்தானே? பிறகேன் இது மட்டும் தெளிவு?"

லியனார்ட் லென்ஸை மீண்டும் வெளியே எடுத்துத் திருப்பினார். அதன் பக்கத்தில் சிறிய விசையொன்று இருந்தது. திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"கை நடுக்கத்தைச் சரி பண்ற சுவிட்ச்சுங்க இது. உள்ளுக்க ஒரு கண்ணாடி எதிர்ப்பக்கமா நகந்து குடுக்கும். மாட்டக் கையில புடிச்சு எடுத்தேன். ஸ்டாண்டுல ஏது நடுக்கம்? இல்லாத நடுக்கத்தத் தேடி அதுவே ஆட்டி விட்டிருக்கு! எங்கப்பா லென்ஸுல இதெல்லாம் ஏது?"

மறுநாள் காலை கோயில் மேட்டில் காற்று பலமாக வீசியது. விசையை நிறுத்திவிட்டு எடுக்கலாமென்று லியனார்ட் ஸ்டாண்டை நாட்டினார். காற்றில் ஸ்டாண்டே ஆடியது. அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், மடக்கித் தரையில் கிடத்தினார். விசையைப் போட்டார், முழங்கைகளை விலாவோடு ஒடுக்கினார், பனி விலகும் வரை அசையாமல் நின்றார். மங்கிய வெளிச்சத்தில் புள்ளி விழாமல் எடுக்கப் பழைய கமராவுக்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. அவ்வளவு நேரமும் புதிய லென்ஸ் படத்தை ஆடாமல் தாங்கிக்கொண்டது.

சரிவின் குறுக்கே புதுச் செம்மண் பிளந்து கிடந்தது. தேயிலைச் செடிகளின் வேர்கள் பிளவுக்குள் தொங்கின. மேலே நின்ற சவுக்கு மரம் லயத்தின் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கமராவின் சிறு திரையில் அதைக் கண்ட ராக்காயிக்கு அன்று கேலி வரவில்லை.

"இதுக்குக் கீழயா புள்ளைகளப் படுக்க வச்சிருந்தோம்?"

துரையும் படத்தைப் பார்த்தார். உடனே தொலைபேசியை எடுத்தார். நண்பகலில் நுவரெலியாவிலிருந்து மண்சரிவுகளை ஆராயும் அதிகாரி ஒருவர் வந்தார்; எதிர்மலையில் நின்று தொலைநோக்கியால் சரிவைப் பார்த்தார்; படம் காட்டியது சரியென்று கூறினார்.

அன்று பிற்பகல் பாடசாலையில் கூடிப் பேசினோம். ஏழாம் லயத்தார் அனைவரும் இருட்டுவதற்கு முன் பாடசாலை மண்டபத்துக்கு வந்துவிடுவதென்றும், மண்டபத்தில் நடந்துவந்த சிறு வகுப்புகளைத் தேவாலயக் கட்டடத்தில் நடத்துவதென்றும் முடிவாயிற்று. புதிய வீடுகளுக்குப் பாதையோரத்துச் சமநிலத்தை ஒதுக்கத் துரை இணங்கினார். ஏழாம் லயத்தில் இனி எவரையும் குடியமர்த்துவதில்லை.