இரண்டாம் முத்திரை

இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் மரத்துப்போய்விட்டன. முப்பது வருஷம் குந்தி உட்கார்ந்தே செங்கல் அறுத்த உடம்பு அவனுடையது. அதை நாற்காலியில் உட்கார வைப்பதே தண்டனைதான். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவன், உச்சி வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. எழுந்து காலை உதறுகிற நேரத்தில் ஒரு சீட்டு கண்ணுக்குத் தப்பிவிட்டால்?

வட்டாரக் கவுன்சில் தேர்தலுக்கு ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்து ஹால். தேர்தலில் நிற்பது அவன் தங்கச்சி. உள்ளே உட்கார ஏஜெண்டாக அண்ணனைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"கண்ணைத் திறந்து வச்சுக்கண்ணே. வாயை மட்டும் திறக்காதே. நீ திறந்தா அடிதடியில போய் நிக்கும்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

எதிரே நிற்கிறவர் நாலு தடவை விடாமல் ஜெயித்தவர். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கிற ஜாதகமே இல்லாததால் சூளை ஜனங்கள் அவருக்கு நாற்காலி என்றே பேர் வைத்திருந்தார்கள். சூளைக் குடியிருப்பில் இருந்த நர்ஸ் அறையை டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனது அவர்தான். வருகிற ஆள் கம்மியாம்.

தூக்கின மூணாம் மாசம் தங்கச்சிக்கு வலி எடுத்தது. கல் ஏற்றுகிற டிராக்டரில் சாக்கை விரித்துப் படுக்க வைத்து டவுனுக்குக் கிளம்பினார்கள். பதினோரு மைல். ஏழாவது மைலில் குழந்தை பிறந்தது. அழவில்லை. தலையில் பன்னிரண்டு கல் சுமந்து சூளையில் அடுக்குகிறவள், அந்தச் சின்ன மூட்டையை வேறு யார் கையிலும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தாள். இரண்டு மாசம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் பேசின முதல் பேச்சே இதுதான்:

"அண்ணே, நான் எலெக்‌ஷன்ல நிக்கப்போறேன்."

"தோத்துட்டா?"

"ஜெயிச்சா நர்ஸ் திரும்பி வருவா. தோத்தா நான் இங்க இருக்க மாட்டேன். அந்த ரோட்டைப் பார்த்துக்கிட்டு என்னால இருக்க முடியாதுண்ணே."

கடைசிப் பெட்டி சூளைப் பெட்டி. அதற்கு முன்னால் வரைக்கும் தங்கச்சி நாற்பத்தெட்டு ஓட்டு பின்னால் இருந்தாள். சூளைப் பெட்டிக்குள் ஐம்பத்து மூணு சீட்டு. ஐம்பத்து மூணும் அவளுக்குத்தான், அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. விரல் விட்டுப் பார்த்துக்கொண்டான். அஞ்சு ஓட்டு கூட. வெளியே போய் ஒரு சத்தம் போட வேண்டும்போல இருந்தது.

எண்ணுகிற டீச்சர் நாலாவது சீட்டைத் தனியே எடுத்து வைத்தார். ஆறாவதையும் வைத்தார்.

"அது என்னங்க டீச்சர், பந்தியில சேராத மாதிரி தனியா?"

"செல்லாத ஓட்டு." சீட்டைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க. வாளியிலயும் முத்திரை இருக்கு. பக்கத்துல குடையிலயும் இருக்கு. இவர் யாருக்குப் போட்டார்னு நான் ஜோசியமா பார்க்க முடியும்?"

வாளி தங்கச்சியின் சின்னம். குடை நாற்காலியுடையது. வாளிக்கட்டத்தின் நடுவில் ஒரு குத்து, நறுக்கென்று விழுந்திருந்தது. அதை ஒட்டி வலப்பக்கம் இன்னொரு குத்து. அதில் பாதி கோட்டைத் தாண்டிக் குடைக்குள் போயிருந்தது.

அவன் மேஜைமேல் குனிந்து அந்த இரண்டாவது குத்தைப் பார்த்தான்.

சூளையில் வரிசைக்கு நூறு கல். இன்னும் சுடாத நூறாவது பச்சைக்கல்லில் அறுத்தவன் தன் முத்திரையைக் குத்துவான். கங்காணி வந்து பார்த்து, உடைசல் இல்லை என்றால், அதற்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் இன்னொரு குத்து குத்தச் சொல்வான். அப்போதுதான் அந்த நூறு கணக்கில் ஏறும். ஒத்தைக் குத்தோடு நிற்கிற வரிசை மழையில் கரைந்தாலும் கேட்பாரில்லை. அறுத்தவன் பாடு அறுத்ததோடு சரி.

ஓட்டுப் போட்ட அன்று காலையில் சூளைக்காரர்கள் குழாயடியில் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். பாதிப் பேர் அதுவரை ஓட்டுச்சாவடி வாசலை மிதிக்காதவர்கள். சூளைக்கு நெருப்புப் போடுகிறவரின் பெண்சாதிதான் கேட்டாள்.

"அண்ணே, முத்திரை எத்தனை குத்தணும்?"

"ரெண்டு" என்றான் அவன், யோசிக்காமல். "ஒத்தைக் குத்து நமக்கு எந்தக் காலத்துல கணக்குல ஏறியிருக்கு? ரெண்டு குத்துங்க, நல்லா அழுத்திக் குத்துங்க. நாற்காலி கால் நாலும் உடையணும்."

குழாயடியே சிரித்தது. பதின்மூன்று பேர்.

டீச்சர் தனியே வைத்த சீட்டு பதினாலு. பதினாலாவதில் இரண்டு குத்தும் இடப்பக்கம் தலை சாய்ந்து விழுந்திருந்தன. மணிக்கட்டு பிசகினதிலிருந்து அவன் முத்திரை சாய்ந்துதான் விழும். சீட்டில் பேர் இல்லைதான். தன் கைக்குப் பேர் எதற்கு?

முப்பத்தொன்பது ஓட்டு வந்தது. ஒன்பதில் தோற்றாள். காட்டின இடத்தில் அவன் கையெழுத்துப் போட்டான்.

வாசலில் தங்கச்சி நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"நம்ம பெட்டியில எத்தனைண்ணே?"

"முப்பத்தொன்பது."

"ஐம்பத்து மூணு பேர் போட்டாங்களே. மீதி பதினாலு?"

ஹாலுக்குள் நாற்காலிக்கு மாலை போடுகிற சத்தம் கேட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"கூட்டிப் பார்த்தாங்க. குறைஞ்சுது" என்றான்.

அன்று சாயங்காலம் குடியிருப்பே அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. அவள் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

"நாற்காலி என்ன கொடுத்தான்? போர்வையா? போர்வைக்கா போட்டீங்க?"

நெருப்புக்காரர் பெண்சாதி தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள். "நான் வாளிக்குத்தாண்டி போட்டேன். அழுத்தித்தான் போட்டேன்."

"அழுத்திப் போட்ட ஓட்டைப் பெட்டிக்குள்ள கரையான் தின்னுட்டுதா?"

"உங்க அண்ணனையே கேளு. அவர் சொன்ன மாதிரிதான் போட்டோம்."

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் காலுக்குக் கீழே மண்ணைப் பார்த்தான்.

"விடுங்க" என்றான். "போனது போச்சு. யார் போட்டா, யார் போடலைன்னு கிளறி என்ன ஆகப்போகுது?"

அந்த ஒரு பேச்சில் பதின்மூன்று பேரையும் திருடராக்கினான். நெருப்புக்காரர் பெண்சாதி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அண்ணே, நீங்களுமா?" என்றாள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லலாம் என்று இருந்தான். அவள் சாப்பிடவே இல்லை. விடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தான். விடிந்தபோது அவள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் அவள் பிடிவாதத்துக்காகத் தூரத்துச் சூளை ஒன்றில் வேலை பேசிவிட்டு வந்திருந்தார்.

"கொஞ்சம் சொல்லுங்க மச்சான்" என்றார் அவனிடம். "நீங்க சொன்னா நிப்பா."

அவன் பக்கத்தில் போய்க் குந்தினான். "ஏம்மா, ஒரு விஷயம்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்ணே." சாக்கின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "இந்த ஊர்ல எனக்கு ஒரு ஓட்டு நிச்சயமா விழுந்துச்சுன்னா அது உன்னுதுதான். அது ஒண்ணு போதும் எனக்கு. அந்த நினைப்போட போறேன்."

அவன் அந்த முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக் கொடுத்தான்.

பஸ் வந்தது. சாக்கைத் தூக்கிக் கூரையில் ஏற்றியது அவன்தான். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் தோளைத் தொட்டாள். குழாயடியில் நின்ற யாரையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களும் தண்ணீர் பிடிக்கிற பாவனையில் குனிந்துகொண்டார்கள்.

மத்தியானம் களத்துக்குப் போய் மண் பிசைந்தான், அச்சைக் கழுவினான், குந்தினான். நெருப்புக்காரர் பெண்சாதி அவனைத் தாண்டிப் போனாள். அண்ணே என்று கூப்பிடவில்லை.

தங்கச்சிக்கு அவன் பதினாலு ஓட்டு பாக்கி. அதில் ஒன்று அவனுடையது. குழாயடிக்காரர்கள் பதின்மூன்று பேருக்கும் ஓர் உண்மை பாக்கி. ஒன்றையும் அவன் இன்னும் கொடுக்கவில்லை.