யாரும் கேட்காத பெட்டி

எங்கள் கூடத்தில் சத்தம் போட்டுப் பேசுகிறவள் நான் ஒருத்திதான். சண்டையில் செத்த சிப்பாய்களின் எலும்புகளைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் அடுக்கி, அவர்களைப் பெற்றவர்களைத் தேடிப் பிடிப்பது என் வேலை. வாயை மூடிக்கொண்டு செய்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

அன்றைக்குத் தையல்காரம்மா மறுபடி வந்திருந்தார். சண்டைக்குப் போன ஒரே மகனைத் தேடுகிறவர். புதிதாக வந்த எந்த எலும்பும், மரபணுச் சோதனைக்கு அவர் கொடுத்திருந்த எச்சிலோடு பொருந்தவில்லை என்று சொன்னேன்.

"பச்சத் தண்ணிகூடக் குடிக்காமதானே குடுத்தேன்? நான் ஏதும் தப்பா துப்பிட்டேனா?"

"உங்க எச்சில்ல ஒரு குறையும் இல்ல பெரியம்மா. மகன் இன்னும் கிடைக்கல, அவ்வளவுதான்."

அவர் எழுந்து, ஜன்னலோரத் தட்டில் தனியாக இருந்த பெட்டியின் மேல் கை வைத்தார். அது யாரென்று போன தடவை நானே உளறியிருந்தேன். வீட்டில் குண்டு விழுந்து அந்தச் சிப்பாயின் குடும்பமே போய்விட்டது. கேட்டு வர ஈ காக்கை இல்லை.

"இவன எனக்குக் குடுத்துடு. தாயில்லாப் புள்ள இவன், புள்ளையில்லாத் தாய் நான். என் நெஞ்சுப் படத்தப் பாத்துட்டு டாக்டரே முகத்தத் திருப்பிக்கிட்டாரு. சாகறதுக்குள்ள ஒருத்தனையாவது மண்ணுல வச்சு அழணும். உங்கப்பன் வீட்டுச் சொத்தயா கேக்குறேன்?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. அவர் கேட்டது நியாயமாகப் பட்டதுதான் எரிச்சல்.

"கத்தரிக்காயா இது, எடுத்துப் பையில போட? வாங்கினா, இவர்தான் உங்க மகன்னு கையெழுத்துப் போடணும். போட்டா உங்க மகன் கிடைச்சாச்சுன்னு கதை முடிஞ்சிடும். உங்க எச்சிலயும் அழிச்சிடுவாங்க. நாளைக்கு அவர் நெஜமாவே வந்தா, யாரு பெத்த புள்ளன்னு தெரியாம இதே தட்டுல கிடப்பாரு."

வெடுக்கென்று கையை எடுத்தார். மூடி நகர்ந்துவிட்டது. போர்வையை இழுத்துவிடுவதுபோல அதைச் சரிசெய்தார். "மன்னிச்சிடுப்பா" என்று அந்தப் பெட்டியிடம் சொன்னார். பாழாய்ப்போன வாயே, சும்மா இருந்திருக்கக் கூடாதா!

வாசல்வரை போனவர் திரும்பினார்.

"நான் போனப்புறம்தான் என் புள்ள வருவான். அப்ப எவளாவது ஒருத்தி இப்படி வந்து கேட்டான்னா, ரூல் பேசாம அவனக் குடுத்துடு."

"சரி பெரியம்மா" என்றேன். கூடத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை.