அக்காவை விட்டுவிட்டுப் போன ஞாயிறு

எங்கள் பறவை பார்க்கும் குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர். கிளினிக்கில் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்பவர், சரணாலயத்துக்குள் நுழைந்ததும் மூடச் சொல்வார். போன மாதம் அக்காவையும் கூட்டிப் போயிருந்தேன். நூற்பாலை இரைச்சலில் வருடக்கணக்காக வேலை பார்த்ததில் அவளுக்குக் காது மந்தம். பேசினால் ஊருக்கே கேட்கும். "அதோ பாருடி, எம்மாம் பெரிய கொக்கு!" என்றாள். ஏரியே காலி. டாக்டர் பார்த்த பார்வையில் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இது இலையுதிர் காலம், வெளிநாட்டு வாத்துகள் வந்து இறங்கும் வாரம். இந்தத் தடவையும் வரட்டுமா என்று அக்காவே வாய்விட்டுக் கேட்டாள். "ஆள் சேரலைக்கா, ரத்து பண்ணிட்டாங்க" என்று கூசாமல் புளுகினேன்.

ஞாயிறு காலை, ஏரிக்கரைப் பலகைக் குடிலுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். வாத்துகள் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் எதிர்க்கரையில் மேய்ந்தன. டெலஸ்கோப்பில் கண்ணை வைத்த டாக்டர் கிசுகிசுத்தார்.

"அங்க ஒரு அம்மா உக்காந்திருக்காங்க, முகம் சரியாத் தெரியல. காலடியிலயே வாத்து மேயுது, அசையாம இருக்காங்க. இந்த மாதிரி ஆளுதான் நம்ம குழுவுக்கு வேணும்."

என் முறை வந்தது. பார்த்தேன். அக்கா! நான் கழித்துக் கொடுத்த பச்சை ஸ்வெட்டரில், மடியில் கையைக் கட்டிக்கொண்டு, தன்னந்தனியாக. பேச ஆளில்லை, அதனால் பேசவில்லை.

"தெரிஞ்சவங்களா?" என்றார் டாக்டர்.

"இல்லையே" என்றேன். அதன் பிறகு ஒரு வாத்தும் என் கண்ணில் படவில்லை.

திரும்பும்போது சரணாலய வாசலில் அவள் பேருந்துக்கு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். எங்கள் வேனைப் பார்த்தாள். எல்லோர் கழுத்திலும் தொங்கிய பைனாகுலர்களைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். பேசாமல் வேனில் ஏறிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்; நான் அப்படிப்பட்டவள்தான். ஆனால் மனசு கேட்கவில்லை, அவளிடம் போனேன்.

அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் காதில் விழவில்லை. அக்கா பேசி எனக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை.

"என்னக்கா?"

"இவ்ளோ மெதுவாப் பேசினாப் போதுமாடி? எனக்கே தெரிய மாட்டேங்குது. பழகிக்கிட்டா அடுத்த தடவை கூட்டிட்டுப் போவியா?"

"மன்னிச்சுடுக்கா" என்றேன். அவளுக்கு எட்டவில்லை, காதைச் சாய்த்தாள்.

"பொய் சொல்லிட்டேன்க்கா! நீ சத்தமாப் பேசறேன்னு வெட்கப்பட்டு உன்னை விட்டுட்டு வந்துட்டேன்!" என்று கத்தினேன். டாக்டரிலிருந்து டிரைவர் வரை அத்தனை பேரும் திரும்பினார்கள்.

அக்கா பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாச் சொல்லுடி" என்றாள். "அவங்க காதுல விழுந்தா உன்னைத்தானே தப்பா நினைப்பாங்க."