சால் நிறையும் வரை

என் பெண்டாட்டி சின்னப்பொண்ணு ஏற்றம் பாடுகிறவள். இதைச் சொல்லும்போது மீசைக்குக் கை போகாமல் இருக்க என்னால் முடியாது. நாவலூரில் அவளுக்கு முன்னால் ஏற்றம் பாடிய பெண் கிடையாது.

நான் மேலே ஏற்றமரத்தில் நடப்பேன். கிணற்றுப் பக்கம் நடந்தால் தண்ணீர் மொள்ளும் சால் உள்ளே இறங்கும், திரும்பி நடந்தால் மேலே வரும். கிணற்றோரம் நின்று சாலைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பது அவள் வேலை. சாலை இறக்கும்போது அவள் ஓரடி பாடுவாள். அது நிறைகிற வரை இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம். நிறைந்ததும் நான் மறு அடியைப் பாடிக்கொண்டு திரும்புவேன். அவசரப்பட்டால் அரைச்சால்தான் வரும். எடை மாறினால் மேலே இருப்பவன் கால் பிசகும். ஆக, என் உயிர் அவள் பாட்டின் மேல்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கூட்டுக் கிணற்றில் எங்களோடு முறை வைத்து இறைப்பவன் என் பங்காளி ஜானகிராமன். எனக்கு மூத்தவன். "பொம்பள பாடுனா அது தாலாட்டு. ஏத்தப் பாட்டுன்னு ஊர்ல சொல்லிக்கினு திரியாதே" என்பான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் படமெடுக்கும் மிஷினோடு மகாபலிபுரம் வந்தார்கள். அவர்கள் ஊரில் சினிமாவையும் ரேடியோவையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து வீட்டில் வைத்துக்கொள்கிறார்களாம். பல தேசத்துப் பாட்டுகளை அதில் காட்டிப் போட்டி நடத்தப் போகிறார்களாம். நம் பக்கத்திலிருந்து ஒரு கோஷ்டியைப் பொறுக்கிக் கப்பலேற்ற, கடற்கரையில் மேடை போட்டார்கள். பொறுக்கும் கமிட்டியில் இருந்த வெங்கடராகவன் செங்கல்பட்டில் வக்கீல். ஒருநாள் எங்கள் வழியாகப் போனவர் பாட்டைக் கேட்டு வண்டியை நிறுத்தி, எங்களையும் வரச் சொல்லிவிட்டார்.

ஜானகிராமனுக்குப் பொறுக்கவில்லை. "அங்க சனம் சிரிச்சிச்சின்னா, அப்புறம் இந்தக் கெணத்துல நீ சாலத் தொடக் கூடாது. என் தம்பி புடிப்பான். சம்மதமா?" என்றான்.

"சம்மதம் மாமா" என்று அவள் சொல்லிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சால் போனால் அவளுக்குப் பாதி உயிர் போகும் என்று எனக்குத் தெரியும்.

மகாபலிபுரத்தில் முன்னால் நாற்காலிகள். பின்னால் மணலில் சுற்றுப்பட்டு ஊர்க் குடியானவர்கள். ஜானகிராமனும் வேலை மெனக்கெட்டு வந்து அங்கே உட்கார்ந்திருந்தான். மேடையில் எங்களுக்காக அட்டையில் ஒரு கிணறு, ஸ்டூலின் மேல் ஒரு பலகை. அதுதான் ஏற்றமாம்.

வெங்கடராகவன் நல்ல மனுஷர்தான். அவளிடம் மெதுவாகச் சொன்னார். "பாட்டு ரொம்ப நன்னா இருக்கும்மா. ஆனா நடுநடுவுல நிறுத்தறயே, அதை மட்டும் எடுத்துடு. அந்தப் பெட்டியில ஒரு நொடி சும்மா இருந்தா, பார்க்கறவா எழுந்து போயிடுவா."

"சால் நெறய வேணாமா சாமி?"

"இங்க ஏதும்மா தண்ணி?"

அவள் அட்டைக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

எங்களுக்கு முன்னால் ஒரு நாடகக் கம்பெனி ஏறியது. சக்கரம் வைத்த காகித யானை, தும்பிக்கையிலிருந்து பன்னீர், ஜிகினா கட்டிய ஒரு பட்டாளம். என்ன பாடினார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யானை கண்ணடித்தது தெரியும். வெள்ளைக்காரர் மிஷினோடு யானையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கைதட்டலில் அலைச்சத்தமே கேட்கவில்லை.

பிறகு நாங்கள். நான் பலகையில் ஏறினேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகி, இல்லாத சாலைப் பிடித்தாள்.

"கீழ்வானம் வெளுக்குமுன்னே..."

பாடி நிறுத்தினாள். இல்லாத சால் இல்லாத தண்ணீரில் முங்குகிறது. அவள் காத்திருந்தாள். நாற்காலியில் ஒருவர் கனைத்தார். "மறந்துட்டா போலிருக்கு" என்றார் இன்னொருவர். ஒரு வரிசை சிரித்தது. அடுத்த வரிசையும் சிரித்தது. வெங்கடராகவன் ஓரத்திலிருந்து கையை ஆட்டி ஆட்டி, மேலே பாடு என்றார். அவள் அசையவில்லை. பந்தயம் போச்சு, கிணறு போச்சு என்று எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறு அடி என்னுடையது. வரவில்லை.

"கெணத்துத் தண்ணி முழிச்சிருக்கு..."

மணலிலிருந்து ஒரு குரல் எழுந்தது. சரியாகச் சால் நிறைந்த நேரத்தில், ஒரு துளி முன்னுமில்லை பின்னுமில்லை. எனக்குத் தெரிந்த குரல். ஜானகிராமன்.

சின்னப்பொண்ணு சாலைக் கவிழ்த்தாள். மறுபடி இறக்கினாள்.

"பாத்தி கேக்குதுன்னு..."

நிறுத்தினாள். இந்தத் தடவை நாற்காலிகள் சிரிக்கவில்லை, திரும்பிப் பின்னால் பார்த்தன. மணலில் இருந்தவர்கள் தலை குனிந்து காத்திருந்தார்கள். யாரும் சைகை காட்டவில்லை. தாளம் போடவில்லை. சால் நிறைந்தது. அத்தனை பேரும் ஒரே வாயாக எடுத்தார்கள்.

"பாதி ஒறக்கம் வித்து வந்தேன்..."

என் குரலும் அதில் இருந்தது. என் உடம்பு சிலிர்த்ததை மறைக்க நான் என்ன கல்லா?

பரிசு யானைக்குத்தான் போனது. போகட்டும். காகிதம், கப்பலில் நனையாமல் போய்ச் சேர்ந்தால் சரி.

பஸ்ஸுக்கு நிற்கும்போது சின்னப்பொண்ணு நேரே ஜானகிராமனிடம் போனாள். "சிரிச்சாங்க மாமா. சொன்ன சொல்லு சொன்னதுதான். சால உன் தம்பிகிட்டக் குடுத்துடறேன்" என்றாள். குரல் உடையாமல்தான் சொன்னாள்.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "எவன் சிரிச்சான்? ஏத்தம் தெரிஞ்சவன் ஒருத்தன் சிரிச்சானா?"

"நீ ஏன் பாடுன, அண்ணாத்த?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"சால் நெறஞ்சிது. வாய் தானா வந்துச்சி. நா இன்னா பண்ண?" என்றவன், அவள் பக்கம் பார்க்காமலே சொன்னான். "நாளைக்கி எங்க மொற. நீ வந்து சாலப் புடிச்சிப் பாடு. நா மேல நடக்கறேன்."