ரிம்மில் தடவிய எண்ணெய்

எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள். ஒன்று என் புருஷன் கொளஞ்சியப்பனுடையது, இன்னொன்று என்னுடையது. நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண் மலையாகவே நிற்கிறதே, அதன்மேல் செடி வைக்கிற கான்ட்ராக்ட் வேலை எங்கள் இருவருக்கும். காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவோம், சாயங்காலம் ஓட்டிக்கொண்டு இறங்குவோம். அந்தச் சரிவில் ஓட்டி இறங்குகிற பொம்பளை நான் ஒருத்திதான். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அவருக்குத்தான் அது உறுத்தல். "ஒரு நாள் வுழுந்து பாரு, அன்னிக்கே சைக்கிளை வித்துப்புடுவேன். அப்புறம் வூட்டுலயே கெட" என்பார். கம்மாபுரத்துப் பக்கம் எங்கள் ஊர், நடந்து வந்து போகிற தூரமில்லை. சைக்கிள் போனால் வேலையும் போச்சு. அதனால் தினமும் கிளம்புமுன் இரண்டு பிரேக்கையும் பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்ப்பேன். சக்கரம் உருண்டால் ஏறமாட்டேன்.

எண்பத்திரண்டாம் வருஷத்து ஆயுத பூஜைக்கு அவர் இரண்டு வண்டியையும் துடைத்து, பளபளவென்று தெரியட்டும் என்று தேங்காயெண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூவும் சுற்றினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை என் வழக்கப்படி பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. ரிம் முழுக்க எண்ணெய். பிரேக் கட்டை எங்கே பிடிக்கும்?

தலைக்கு வைத்திருந்த சீயக்காயைக் கரைத்து ரிம்மையும் கட்டையையும் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்தேன். அவர் தாம்தூம் என்று குதித்தார்.

"பூசை போட்ட வண்டிடீ! பொட்டுகூட காயல, அதுக்குள்ள கழுவுறியே!"

"பொட்டை எங்க தொட்டேன் மாமா? ரிம்மைத்தான் கழுவறேன். உன்னுதையும் குடு."

"என் வண்டியில கை வச்ச, நடக்கறதே வேற!"

எனக்கும் கோபம் வரும். எக்கேடோ கெடு என்று விட்டுவிட்டேன். சமதரை ரோட்டில் அவர் காலை ஊன்றியே நிறுத்திக்கொண்டு வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் மேட்டின் உச்சியில் மனசு கேட்காமல், "தள்ளிக்கினு வா மாமா" என்றேன். எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டு முதலில் ஏறிக் கிளம்பினார். நான் பின்பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி, முன்பிரேக்கை லேசாகச் சேர்த்துப் பிடித்து, நிதானமாக வந்தேன். பாதிச் சரிவில் அவர் அலறினார்.

"தனம்! பிரேக் புடிக்கலடீ!"

அடியில் ஷிப்டு பஸ்கள் போகிற ரோடு.

"ரோட்டுக்குப் போவாத மாமா! செடி வச்ச மண்ணுல திருப்பு!"

என் பேச்சைக் கேட்காத மனுஷன் அன்றைக்குக் கேட்டார். நாங்கள் கொத்திப்போட்ட பொலபொல மண்ணில் வண்டியோடு உருண்டார். நான் அவர் பக்கத்திலேயே போய் நிறுத்தினேன், ஒரு சாண்கூட வழுக்கவில்லை. முழங்கால் சிராய்ப்போடு அவர் தப்பித்தார். முன்சக்கரம்தான் பொரித்த அப்பளமாக நெளிந்துபோனது.

"கொளஞ்சி, லாரி வரட்டும், ஏத்தி வுடறேன்" என்றார் பின்னாலேயே ஓடிவந்த சூப்பர்வைசர் சிவப்பிரகாசம். என் புருஷன் நொண்டிக்கொண்டே வந்து என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தார்.

மீதிச் சரிவை அவரையும் வைத்துக்கொண்டே இறங்கினேன். ரோட்டு முனையில் பிரேக்கைப் பிடித்தேன், சொன்ன இடத்தில் வண்டி நின்றது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. எதிரே ஒரு பஸ் நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் ஆம்பளைத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"எல்லாரும் பாக்கறாங்க. எறங்கிக்கிறியா மாமா?"

"பாக்கட்டும். நீ மிதி."