லாம்பெர்ட் கேட்டு வாங்கிய ‘நீங்க’

எங்கள் பள்ளத்தாக்கில் ஆயிரம் மீட்டருக்கு மேலே ‘நீங்க’ கிடையாது. கீழே நீ பாதிரியாராக இருக்கலாம், டாக்டராக இருக்கலாம், வியன்னாவிலிருந்து வந்த மந்திரியாகக்கூட இருக்கலாம். மேலே வந்து, மலையேற்றும் நாற்காலி லிஃப்டை விட்டு இறங்கினால் எல்லாரும் ‘நீ’தான். பனிச்சரிவு ஆள் பார்த்தா மூடப்போகிறது? மலைமேல் தெரிந்த ஒருவனை ‘நீங்க’ என்று கூப்பிட்டால், உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அர்த்தம். பாலோடு சேர்த்து இதையும் குடித்துத்தான் இங்கே வளர்கிறோம்.

லாம்பெர்ட்டும் இங்கேதான் வளர்ந்தான். என்னைப் போல அவனும் எங்கள் ஸ்கீ பள்ளியில் பனிச்சறுக்கு ஆசிரியர். போன குளிர்காலத்தில் பந்தயக்காரர்கள் போடுகிற ஒரு ஜோடி ஸ்கீ கட்டை வாங்கினான். குறுகலானது, உள்ளே உலோகத் தகடு வைத்தது, ஆள் ஏறி மிதித்தாலும் வளையாதது. அன்றிலிருந்து அவன் கழுத்தும் வளையவில்லை. புதிதாக வந்த ஆசிரியர்களிடம், மலைமேல் நின்றுகொண்டே, என்னை ‘நீங்க’ன்னு கூப்பிடுங்க என்று சொல்ல ஆரம்பித்தான். மனுஷனுக்குக் கொம்பு முளைப்பதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

என் ஸ்கீ அகலமானது, இளக்கமானது, அடிப்பக்கமெல்லாம் கீறல். அதற்கு அவன் வைத்த பெயர் ‘தேய்ஞ்ச செருப்பு’.

பள்ளியின் தலைவர் வெண்டலின் முழங்கால் வலியால் பதவியை விடப் போவதாகச் சொன்னதும் பேச்சு முற்றியது. அடுத்த தலைவர் நான் அல்லது லாம்பெர்ட். தான் வந்தால் சென்ஸியை அடிவாரத்துக் குழந்தைகள் மேட்டுக்கு அனுப்பிவிடுவேன், மூக்கு துடைத்துவிடட்டும் என்று மதுக்கடையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருக்கிறான். சென்ஸி நான்தான். அந்த மேல் சரிவுகள் இல்லாமல் எனக்கு வாழத் தெரியாது. அன்று இரவு சோறு இறங்கவில்லை.

வெண்டலின் வழி சொன்னார். மார்ச்சில் வருகிற சூசையப்பர் திருநாளன்று இருவரும் சிகரத்திலிருந்து கோவில்வரை வரவேண்டும். கடிகாரம் இல்லை. விழாமல் வந்தால் போதும். எல்லாப் பனியிலும் நிற்கத் தெரிந்தவர்தான் தலைவர்.

விடிந்ததும் மூவரும் மேலே நின்றோம். லாம்பெர்ட் என்னை முதலில் போகச் சொன்னான். கீழே கோவிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. பூசை முடிந்து, ஊர் வெளியே வந்து, கோவிலை ஒட்டிய விடுதி முற்றத்தில் நிறைந்த பிறகுதான் துரை இறங்குவாராம். வெண்டலின் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை.

“உன் இஷ்டம்,” என்றார்.

“‘உங்க இஷ்டம்’னு சொல்லிப் பழகுங்க,” என்றான் லாம்பெர்ட். வெண்டலின் லிஃப்டில் கீழே போய்விட்டார்.

நான் இறங்கினேன். மேல் சரிவு முழுக்கக் கண்ணாடி மாதிரி உறைபனி. என் ஸ்கீ அதில் பிடிக்காமல் தடதடவென்று உதறியது. நண்டு மாதிரி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனேன். மேலே அவன் சிரித்தது கேட்டது, எரிச்சலாகத்தான் இருந்தது. அடுத்து, முந்தின நாள் கூட்டம் மிதித்துக் குதறிய பனி என்னை அங்கும் இங்கும் தள்ளியது. காட்டுக்குள் ஆழமான புதுப்பனி வந்ததும் மூச்சு வந்தது, செருப்பு மிதந்தது. கடைசியில் தெற்குப் பார்த்த வெயில் சரிவு. அந்த நேரத்தில் அதன் மேல்தோல் சிமெண்டுத் தரை மாதிரி இறுகியிருந்தது, மேலோடு ஓடி வந்துவிட்டேன். அங்கே என்னைச் சுமந்தது பாதி ஸ்கீ, பாதி காலை நேரம்.

பூசை முடிந்தது. ஊர் முற்றத்தில் கூடியது. நான் கொழுக்கட்டை சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு தொலைநோக்கியில் பார்த்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, உறைபனியில் அவன் ராஜா. விளிம்பு கத்தியாய்ப் பிடித்தது, ஒரு திருப்பம் பிசகவில்லை. குதறிய பனியையும் ஏர் உழுவதுபோல் கிழித்துக்கொண்டு வந்தான். ஆனால் காட்டுக்குள் போனவன் வெளியே வர வெகுநேரம் ஆனது. வந்தபோது தலைமுதல் கால்வரை வெள்ளை, தொடை நடுங்கியது. அந்தக் குறுகல் கட்டை புதுப்பனியில் மூக்கை நுழைத்துக்கொண்டே இருந்திருக்கும், பாவம் பின்னால் சாய்ந்து சாய்ந்தே வந்திருக்கிறான்.

அப்புறம் வெயில் சரிவு. ஊர் கூடட்டும் என்று அவன் காத்திருந்த நேரமெல்லாம் சூரியன் அங்கே வேலை பார்த்திருந்தது. மேலே மெல்லிய ஓடு, அடியில் ஈரக்கஞ்சி. ஓடு உடைந்தது. இரண்டு ஸ்கீயும் அடியில் புகுந்தன. வளைகிற கட்டையாக இருந்தால் துள்ளி வெளியே வந்திருக்கும். இது தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி நேராக ஓடியது. அவன் திருப்பப் பார்த்தான். ஸ்கீ திரும்பவில்லை, அவன் மட்டும் திரும்பினான். தலைகீழாகப் போய்ச் செருகிக்கொண்டான். முற்றத்தில் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

வெண்டலினும் நானும் லிஃப்டில் ஏறி அவனிடம் போனோம். அந்தச் சரிவு ஆயிரம் மீட்டருக்கு மேலேதான். இடுப்புவரை பனியில் உட்கார்ந்திருந்தான். அடி ஒன்றும் இல்லை.

“சென்ஸி, கையைக் குடு. இது கழல மாட்டேங்குது. நீயாச்சும் சிரிக்காதே.”

நான் சிரிக்கவில்லை. கையை நீட்டினேன். “பிடிச்சுக்கங்க. மெதுவா எந்திரிங்க. உங்க கட்டைக்கு ஒண்ணும் ஆகலைங்க, பாருங்க, வளையவே இல்லை.”

முகம் செத்துவிட்டது. வெண்டலினைப் பார்த்தான். “என்ன இது, என்னைப் போய் இவ... நீயே கேளு வெண்டலின்.”

வெண்டலின் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “நாங்க என்னங்க சொல்றது. நீங்க பார்த்து வாங்க.”

இப்போது நான்தான் தலைவர். அவனைக் குழந்தைகள் மேட்டுக்கு நான் அனுப்பவில்லை, மேல் சரிவிலேயே வைத்திருக்கிறேன். அங்கேதானே அந்த மரியாதைக்கு மதிப்பு. லிஃப்ட்காரன் முதல் நேற்று சேர்ந்த பையன்வரை எல்லாரும் அவனுக்கு ‘நீங்க’ போடுகிறார்கள். யாரும் அவன் மேஜையில் வந்து உட்காருவதில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை, வந்தால் சொல்கிறேன்.

நேற்று லிஃப்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஏறுகிற வழியெல்லாம் தரையையே பார்த்துக்கொண்டு வந்தவன், உச்சி நெருங்கும்போது மெதுவாகக் கேட்டான்.

“ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னை நீன்னு சொல்லேன் சென்ஸி.”

நான் லிஃப்ட் நாற்காலியின் முன்கம்பியைத் தூக்கிவிட்டேன்.

“இடம் வந்திருச்சுங்க. பார்த்து இறங்குங்க.”